சென்னையிலிருந்து பலாலிக்கு: 355 கிலோமீட்டரும் ஒன்றேகால் மணி நேரமும்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வரை நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கி.மீ.தான், திருச்சிக்குச் சாலை வழியே செல்லும் தூரத்தைவிடச் சற்றே அதிகம். ஜெட் விமானத்தின் வேகத்தை நினைத்து அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்கிட்டிருந்த எனக்கு, பயணச்சீட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்றிருந்தது முதலில் வியப்பாகவே இருந்தது.

காரணம் விமானத்தில் இருக்கிறது. பலாலி ஓடுபாதையின் நீளம் பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது என்பதால், விசிறியுள்ள ஏ.டி.ஆர். 72 வகை விமானங்களே இத்தடத்தில் பறக்கின்றன. இவற்றின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். வானில் செல்லும் முக்கால் மணி நேரத்துடன், ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குவதற்கான சுற்று ஆகியவற்றையும் சேர்த்தால் சீட்டிலுள்ள நேரம் சரியாகிவிடுகிறது. ஏறத்தாழ 645 கி.மீ. தொலைவிலுள்ள கொழும்புக்கு ஜெட்டில் செல்வதற்கும் கிட்டத்தட்ட இதே நேரம்தான் ஆகிறது.

ஆயினும் கொழும்பு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கியபின் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே ஏழெட்டு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். எழுபத்தைந்து வயதான என் அம்மாவுக்கு அது இயலாத காரியம். 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. இடையில் பல பத்தாண்டுகள் அறுந்து கிடந்த இத்தடம் 2019 நவம்பரில் மீண்டும் திறந்து, கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. இதன் அருமை, கொழும்பு சுற்றிப் போய் வந்தவர்களுக்கே முழுமையாகத் தெரியும்.

குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. சக்கர நாற்காலியில் முதியவர்கள் காத்திருக்கும்போதும் நிறுவனத்தினர் காரணம் எதையும் அறிவிக்கவில்லை. பயண நேரமே ஒன்றேகால் மணி நேரமாக இருக்கும் சேவையில் இது சிறிய தாமதம் அன்று. கால் நீட்டவும் இடம் குறைவு, உயரமானவர்கள் சிரமப்படுவார்கள்.

இறக்கைகள் உடலின் மேற்பகுதியில் அமைந்திருப்பதால் சன்னலிலிருந்து கீழே பார்க்கத் தடையில்லை. போகும்போது வலப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்: வானம் தெளிந்திருந்ததால் தமிழ்நாட்டுக் கரை நெடுந்தூரம் உடன் வந்தது, பின்னர் பாக்கு நீரிணை, சிறிது நேரத்தில் பனைமரங்கள். இரு ஊர்களுக்கும் ஒரே நேரக் கணக்கு என்பதால் கைக்கடிகாரத்தைத் திருத்தும் வேலையும் இல்லை.

உண்மையான பயண நேரம் வாசலுக்கு வாசல் ஆறரை மணி நேரம். காலை பத்தரைக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்ட அம்மா, மாலை ஐந்து மணியளவில் நல்லூரில் தம் தங்கையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார்.