வேட்டியும் எபாக்ஸியும்: வீட்டில் செய்த கத்திப் பிடியோடு மூன்று வருடம்

போன வாரம் சமையல்கட்டுக் கத்தியின் வலப்பக்கப் பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதுதான் மச்சான் போனில் வந்தார். "மாப்ள, அந்த வேட்டிப் பிடி எனக்கும் ஒண்ணு வேணும், எப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதையும், அப்போதிருந்த கோபத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வேட்டித் துணியை அடுக்கி, எபாக்ஸி என்ற ரெசினை (ஹார்டனர் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின்) ஊற்றி இறுக்கிச் செய்த பிடி அது. அந்த முறையைப் பலரும் எழுதிவிட்டார்கள், அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் முதலில் சொல்ல வேண்டும். இப்படித் துணி அடுக்கிச் செய்ததை மைக்கார்ட்டா என்பார்கள்; ஆனால் அசல் மைக்கார்ட்டா என்பது 1910 வாக்கில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மின்காப்புக்காகக் கொண்டுவந்த பொருள். கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடைகளில் 'ஹைலம்' என்று சொல்வார்களே, அதுவும் அதே குடும்பம்தான். துணி போட்ட ஹைலத்தில் பல்சக்கரமே வெட்டுவார்கள், இரும்புச் சக்கரம் போலச் சத்தம் போடாது. அதெல்லாம் ஃபீனாலிக் ரெசினில் நனைத்து, பெரிய பிரஸ்ஸில் சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்வது. நான் செய்தது இரண்டு பலகை, நாலு சி-கிளாம்ப், கடையில் வாங்கிய எபாக்ஸி. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இது வேறு பொருள். பிடி கழன்றதற்குக் காரணமே இந்த வித்தியாசத்தை நான் மறந்ததுதான். கறி வெட்டியபின் கத்தியைக் கொதிநீரில் போட்டு வைத்தேன். அறைச் சூட்டில் இறுகும் எபாக்ஸி பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். துணி அடுக்கு பிரியவில்லை, இரும்புக்கும் பிடிக்கும் நடுவில் இருந்த ஒட்டு விட்டுவிட்டது. பிடியைக் கோத்திருந்த பித்தளை ஆணிகளின் தலையைத் தட்டி விரித்திருந்தால் அப்போதும் தாங்கியிருக்கும். பசையை மட்டும் நம்பினேன், தவறு என்னுடையது.

ஆனால் மூன்று வருடமாக என்னை வதைப்பது இது இல்லை. மஞ்சள்தான்.

அப்பாவின் பழைய பருத்தி வேட்டியில் 30 மடிப்பு போட்டேன். இறுகியபின் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் கனம் வந்தது. வெள்ளைத் துணி ரெசினில் நனைந்ததும் பழைய தந்தம் மாதிரி ஒரு நிறத்துக்கு வந்துவிடும், அவ்வளவு அழகு. வேட்டி பல வருடம் கஞ்சி போட்டுக் கட்டியது. நானும் ஒருமுறை அலசி, காய வைத்து, அடுக்கிவிட்டேன். கஞ்சி முழுதாகப் போகவில்லை. கஞ்சி இருக்கிற இடத்தில் நூலுக்குள் ரெசின் இறங்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, ஊசிமுனை அளவில் வெள்ளை வெள்ளையாக உலர்ந்த புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஃபெவிக்விக் விட்டு அடைத்துப் பார்த்தேன். பாதி அடைந்தது.

மீதிப் பாதியில் மஞ்சள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மீனுக்கு மஞ்சள்தூள் தடவிய கையோடு கத்தியைத் தொட்டால் போதும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவினால் இன்னும் மோசம். மஞ்சள் காரத்தில் சிவந்துவிடும் பொருள், சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதே சங்கதி. தந்த நிறப் பிடியில் குட்டிக் குட்டியாய்ச் சிவப்புப் புள்ளி. முதல் தடவை பார்த்துவிட்டு வீட்டில், "ஏனுங்க, கைய கிய்ய வெட்டிக்கிட்டீங்களா?" என்று பதறிப்போனார்கள். எலுமிச்சை மூடியால் தேய்த்தால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும், போகாது. வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுத்துவிடும், உண்மைதான். ஆனால் வெயிலில் வைக்க வைக்க எபாக்ஸியே பழுக்கிறது. மஞ்சளை எடுக்க வெயில், வெயில் பட்டால் ரெசின் மஞ்சள். இதற்கு என்னதான் செய்வது? வாரத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம் காலை வெயிலில் ஜன்னலோரம் வைக்கிறேன். மூன்று வருடமாக இதே வேலை. எரிச்சலாக இருக்கிறது.

இந்த எரிச்சலோடு அந்தப் பிடி கொடுக்கும் சுகத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். நான் 400 நம்பர் வாட்டர் பேப்பரோடு நிறுத்திக்கொண்டேன், பாலிஷ் ஏற்றவில்லை. அதனால் வெட்டுப்பட்ட நூல் முனைகள் மேலேயே நிற்கின்றன. ஈரம் பட்டால் வழுக்குவதற்குப் பதிலாகக் கையைப் பிடித்துக்கொள்கிறது. மத்தி மீன் கழுவும்போது பாருங்கள், எண்ணெயும் செதிலுமாகக் கை வழவழத்துக் கிடக்கும், பிடி மட்டும் அசையாது. மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி எதிலும் இதை நான் பார்த்ததில்லை. கத்தி எங்கள் ஊர்ப் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, கனமானது. அந்தக் கனத்துக்கு இந்தப் பிடி இருந்தால்தான் தைரியமாக வீசி வெட்ட முடிகிறது. இன்னொன்று, கட்டைவிரல் உட்காரும் வளைவில் அடுக்குகள் சரிவாக அறுபட்டு, மேப்பில் மலைக்குப் போட்ட கோடு மாதிரி வளைய வளையமாய்த் தெரியும். அதற்கு நடுவே பச்சையாக ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. வேட்டிக் கரை. நான் திட்டம் போட்டு வைத்ததில்லை, தேய்க்கும்போது தானாக வெளியே வந்தது. அப்பா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்று சொன்னார்.

இரண்டாவதாகப் பழைய ஜீன்ஸில் ஒன்று செய்தேன், அரிவாளுக்கு. 12 மடிப்பு போதுமானது. ஐப்பசி மழையில் செய்தது தப்பு. எந்த சீசனிலும் செய்யலாம் என்று ரெசின் கொடுத்த கடைக்காரர் அடித்துச் சொன்னார். மறுநாள் பார்த்தால் மேலெல்லாம் எண்ணெய் பூசினது போலப் பிசுபிசுப்பு. ஈரக் காற்றில் ஹார்டனர் மேலே கக்கும் படிவு அது. வெதுவெதுப்பான தண்ணீரில் நார் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கழுவாமல் அதன்மேல் அடுத்த பூச்சு கொடுத்தால் ஒட்டாது. மழைக்காலத்தில் துணியே ஈரம் இழுத்து வைத்திருக்கும், அயர்ன் பாக்ஸால் சுடச்சுடத் தேய்த்து ஆறவிட்டு அடுக்குங்கள். ஜீன்ஸ் பிடியில் மஞ்சள் தெரிவதே இல்லை.

மச்சானுக்குச் சொன்ன இன்னும் சில. ரெசினையும் ஹார்டனரையும் எடை போட்டுத்தான் கலக்க வேண்டும், கண்ணளவு ஆகாது. கலந்ததை டம்ளரிலேயே விட்டு வைத்தால் சூடேறிப் புகையும். ஃபைபர் கடை பாலியஸ்டர் ரெசின் வாங்கினால் அதில் கலக்கும் கோபால்டையும் (இறுகுவதை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்ட்டையும் (இறுக வைப்பது) நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். எனக்கு மணிக்கட்டில் வந்த அரிப்பு ஒரு மாதம் போகவில்லை. அந்த ஒவ்வாமை ஒருதடவை பிடித்துக்கொண்டால் ஆயுளுக்கும் விடாது என்பதால் பயந்துபோனேன். தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேயுங்கள், என்95 மாஸ்க்கும் போடுங்கள். எனக்குச் செலவு 1,500 ரூபாய்க்குள் முடிந்தது.

சரி, செய்யலாமா? இன்றைக்குக் கேட்டால், சமையல்கட்டுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெள்ளை வேட்டியில் கண்டிப்பாக வேண்டாம். மச்சானிடமும் பேசாமல் மரப்பிடி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒட்டிய பிடி இப்போது கிளாம்ப்பில் இருக்கிறது. இந்தமுறை ஆணித்தலையைத் தட்டி விரித்துவிட்டேன். நாளைக் காலை வரை கழற்றக்கூடாது. அதுவரைக்கும் பிளாஸ்டிக் பிடிக் கத்திதான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "இது கையிலயே நிக்க மாட்டேங்குதுங்க, அதை எப்பத்தான் குடுப்பீங்க?"