40 ஏக்கர் கொறங்காடும் 180 புள்ளிகளும்: ஒரு கனிமத் தேடல் சேவையின் மதிப்புரை

காங்கேயத்துக்கும் படியூருக்கும் இடையில் எங்கள் குடும்பத்துக்கு உள்ள 40 ஏக்கர் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கிணறு வெட்டியபோது, வெங்கச்சங்கல்லோடு (குவார்ட்ஸ்) ஒட்டிய, பெரில் என்னும் இளநீல மணிக்கல்லின் துண்டுகள் அப்பாவின் காலத்திலேயே கிடைத்தன. படியூரில் 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இதே கல்லைத் தோண்டி எடுத்திருக்கிறார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கல்மணிப் பட்டறைகள் இருந்ததை அகழாய்வுகள் காட்டியுள்ளன. எங்கள் நிலத்தில் அந்தக் கல்நரம்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறிவதற்காக, செயற்கைக்கோள் படத்தையும் மண் பரிசோதனையையும் ஒன்றாகச் செய்து தரும் ஒரு தனியார் நிறுவனத்தைச் சென்ற ஆண்டு அமர்த்தினோம். கட்டணத்தின் பெரும்பகுதியை அவர்கள் படத்துக்கு வாங்கினார்கள்; பயன் முழுவதும் கடப்பாரை பிடித்தவர்களின் வேலையிலிருந்துதான் கிடைத்தது.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1999இல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவி எடுத்த படங்களை அவர்கள் பயன்படுத்தியிருந்தார்கள். களிமண், அப்ரகம், சுண்ணாம்பு ஆகியவற்றை இனம்பிரிக்க உதவும் அதன் குறுஅலை அகச்சிவப்புப் பகுதி 2008இல் செயலிழந்துவிட்டதால், அதற்கு முந்தைய படத்தை எடுத்தது சரியே; பாறை அதற்குள் மாறிவிடப் போவதில்லை. ஆனால் அந்த அகச்சிவப்புப் பகுதியின் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் 30 மீட்டர் சதுரம், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். எங்கள் நிலம் முழுவதும் 180 புள்ளிகளுக்குள் அடங்கிவிடுகிறது. பெரில் இருக்கும் பாறையின் முக்கியக் கனிமங்களான வெங்கச்சங்கல்லும் பெல்ட்ஸ்பாரும் குறுஅலைப் பகுதியில் தனி அடையாளம் காட்டுவதில்லை. அவற்றைக் காட்டும் வெப்ப அகச்சிவப்புப் பகுதியில் ஒரு புள்ளி 90 மீட்டர் சதுரம், 2 ஏக்கர். பெக்மடைட் எனப்படும் அந்தப் பெரும்படிகப் பாறையின் ஓரிரு மீட்டர் அகலமுள்ள நரம்பு 2 ஏக்கர் புள்ளிக்குள் எப்படித் தெரியும்? அதிலும் அவர்கள் தேர்ந்தெடுத்தது ஐப்பசி மழைக்குப் பிந்தைய படம். அந்த நாட்களில் கொறங்காடு முழுவதும் கொழுக்கட்டைப் புல் பச்சைப்பட்டுக் கிடக்கும். சித்திரையில் எடுத்த படமாக இருந்திருந்தால் மண்ணாவது தெரிந்திருக்கும். 'கனிம வாய்ப்புள்ள பகுதி' என்று சிவப்பில் அவர்கள் வரைந்திருந்த பட்டையில் நடந்து பார்த்தேன். அங்கே இருந்தது, இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாரும் அறிந்த சுக்காங்கல் என்னும் சுண்ணாம்புக் கட்டிதான். சேலத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) போலப் பரந்து கிடக்கும் கனிமத்துக்கு இம்முறை மிகவும் ஏற்றது; எங்கள் நிலத்துக்கு ஏற்றதன்று என்பதை அவர்கள் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மண் மாதிரி எடுக்க வந்த குழுவை மனமாரப் பாராட்டுகிறேன். 50 மீட்டருக்கு ஒரு வரிசை, வரிசையில் 25 மீட்டருக்கு ஒரு குழி என்று 130 குழிகள் எடுத்தார்கள். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஏரும் உரமும் தொடாத ஆழத்திலிருந்து மண் எடுத்து, உலர்த்தி, நைலான் சல்லடையில் சலித்தார்கள். பித்தளைச் சல்லடையாக இருந்தால் செம்பும் துத்தநாகமும் மாதிரியில் கலந்துவிடும் என்று விளக்கினார்கள். அளவீட்டைச் சரிபார்க்க ஒவ்வொரு 20ஆம் குழியிலும் இரட்டை மாதிரி எடுத்தார்கள். அந்தக் குழுவின் தலைவர் வந்ததும் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "போர் போட்ட மண்ணை எங்கெங்கே கொட்டினீர்கள்?" என்பது. (போர் என்பது ஆழ்துளைக் கிணறு.) ஆயிரம் அடி ஆழத்திலிருந்து வந்த பாறைத்தூள் மேலே பரவிக் கிடந்தால் அந்த இடம் பொய்யான அறிகுறியைக் காட்டும். ஆனால் எந்த ஆழத்துத் தூள் என்று குறித்து வைத்திருந்தால், அதுவே ஆழத்துப் பாறையின் செலவில்லாத மாதிரியாகிவிடும். மூன்று போர் போட்டும் ஒரு பிடித் தூளைக்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லையே என்று அன்று உண்மையாகவே வருந்தினேன்.

இவ்வளவு கவனமாக எடுத்த மாதிரிகளை அலுவலகத்தில் கையடக்க எக்ஸ் கதிர்க் கருவியால் அளந்து, 'பெரிலியம் காணப்படவில்லை' என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். பெரிலில் உள்ள தனிமமான பெரிலியத்தை அக்கருவியால் காணவே முடியாது. மெக்னீசியத்தைவிட இலேசான தனிமங்கள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். அளக்க முடியாததை இல்லாதது என்று எழுதுவது பெரும் பிழை. பெரில் அமிலத்தில் எளிதில் கரையாத கல்லாதலால், சோடியம் பெராக்சைடுடன் உருக்கிக் கரைத்த பிறகே ஆய்வகத்தில் அளக்க வேண்டும். எனினும் அதே அட்டவணையில் ருபீடியத்தின் அளவு இருந்தது. பெக்மடைட் முதிர முதிர, அதாவது அதில் பெரில் போன்ற அரிய கனிமங்கள் சேரும் வாய்ப்பு கூடக் கூட, பொட்டாசியத்துக்கும் ருபீடியத்துக்கும் உள்ள விகிதம் குறையும். எண்களை நானே வரைபடத்தில் இட்டபோது, அந்த விகிதம் குறைந்த குழிகள் பழைய கிணற்றிலிருந்து வடகிழக்காக ஒரே கோட்டில் அமைந்தன. சிவப்புப் பட்டை அந்தக் கோட்டை எங்கும் தொடவில்லை.

அறிக்கையின் முன்பகுதியில் உள்ள வட்டார நிலவியல் வரைபடத்தை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்து யாரும் இலவசமாகப் பெறலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பட்டா நிலமே ஆனாலும் உரிமம் இல்லாமல் கனிமம் எடுக்கச் சட்டம் இடம் தராது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெரில் அணுக்கனிமப் பட்டியலிலிருந்து நீங்கியது உண்மை. அதனால் அது நம் விருப்பத்துக்குத் தோண்டும் பொருளாகிவிடவில்லை.

இதே நிறுவனத்தை அமர்த்த நினைப்பவர்கள் படத்தை விட்டுவிட்டு மண் மாதிரிப் பணியை மட்டும் கேளுங்கள். எந்தக் கருவி, எந்தக் கரைப்பு முறை, எந்தெந்தத் தனிமம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் முறையீட்டுக்குப் பிறகு, அந்தக் கோட்டில் விழுந்த 11 மாதிரிகளையும் உருக்கிக் கரைக்கும் முறையில் மறுபடி அளக்க ஒப்புக்கொண்டு, செலவில் பாதியை அவர்களே ஏற்றிருக்கிறார்கள்.