சிங்கப்பூர் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம்: தீர்ப்பு மலிவு, வசூல்தான் பாடு

சிங்கப்பூரில் 10 வெள்ளிக்கு (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) உணவங்காடியில் இருவர் சிக்கனமாகச் சாப்பிடலாம். அதே 10 வெள்ளிக்கு, 5,000 வெள்ளி வரை தர வேண்டிய வீட்டுக்காரர்மீதோ கடைக்காரர்மீதோ வழக்கும் போடலாம். 1985 பிப்ரவரியிலிருந்து இயங்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தின் கட்டணம் அது.

உலக வங்கியின் 2020ஆம் ஆண்டுத் தொழில்சூழல் அறிக்கை, ஒப்பந்தத்தை நிறைவேற்ற வைப்பதில் சிங்கப்பூருக்கு முதலிடம் கொடுத்தது. வழக்கு முடிய அங்கே 164 நாள், இந்தியாவில் 1,445 நாள் என்று கணக்கு சொன்னது. (தரவில் முறைகேடு கிளம்பி 2021இல் அந்த அறிக்கையையே வங்கி நிறுத்திவிட்டது, அது வேறு கதை.) பணக்கார நாடு என்றால் சட்டம் வலுவாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெருநிறுவனங்களுக்கு எந்த ஊரிலும் வக்கீல் கிடைப்பார். 3,000 வெள்ளி வாடகை டெபாசிட்டைத் திருப்பி வாங்க ஒரு குடித்தனக்காரருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதுதான் சரியான சோதனை. இந்தச் சேவையை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

கட்டணம் முதலில். நுகர்வோருக்கு 5,000 வெள்ளி வரை 10 வெள்ளி, 10,000 வரை 20, அதற்கு மேல் கோரும் தொகையில் 1 விழுக்காடு. வழக்குப் போடுவது வியாபாரி என்றால் 50, 100, 3 விழுக்காடு. அதாவது 15,000 வெள்ளிக் கோரிக்கைக்கு நுகர்வோர் 150 கட்டுவார், கடைக்காரர் 450 கட்டுவார். இந்த ஏற்றத்தாழ்வு வேண்டுமென்றே வைத்தது, நியாயமானதும்கூட. கடைகள் தங்கள் பாக்கியை வசூலிக்கும் இயந்திரமாக மன்றம் மாறிவிடாமல் இருக்க இப்படி ஒரு தடுப்பு வேண்டும்.

வக்கீலுக்கு இடமே இல்லை. நிறுவனம் என்றால் அதன் முழுநேர ஊழியரோ இயக்குநரோ வந்து பேச வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்கள் நடுவரைக் கட்டுப்படுத்தாது என்பதால் வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தாலும் பார்ப்பார்கள்.

எது இங்கே வரும், எது வராது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பொருள் விற்பனை, சேவை ஒப்பந்தம், 2 ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை, சொத்துக்கு நேர்ந்த சேதம் ஆகியவை வரும். நண்பருக்குக் கொடுத்த கைமாற்று வராது. சம்பள பாக்கி வராது. அதற்கு 2017 முதல் தனி மன்றம் இருக்கிறது. வாகன விபத்தில் ஏற்பட்ட சேதமும் கடை வாடகையும் வராது. வீட்டை 3 ஆண்டுக்கு ஒரே ஒப்பந்தமாகப் போட்டிருந்தால் அதுவும் வெளியே. உச்சவரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டால் 30,000. 2019 நவம்பருக்கு முன் இது 10,000தான். 24,000 வெள்ளி வர வேண்டியிருந்தால் இரண்டு வழக்காகப் பிரித்துப் போட முடியாது. எதிர்த்தரப்பு சம்மதிக்காவிட்டால் 4,000ஐக் கைவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

காலக்கெடு 2 ஆண்டு. "அடுத்த மாதம் தருகிறேன்" என்று எதிராளி இழுத்தடிக்கும் நாட்களும் அதில் கழியும்.

2017இல் வந்த இணையத் தளம் இந்தச் சேவையின் சிறந்த பகுதி. சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக நுழைந்ததும், வழக்கு மன்ற வரம்புக்குள் வருகிறதா என்று கேள்வி கேட்டே வடிகட்டுகிறது. அங்கேயே இரு தரப்பும் தொகையைப் பேரம் பேசலாம். 5 சுற்று வரை போகலாம். ஒத்துவந்தால் நேரில் போகாமலேயே சம்மத உத்தரவு வாங்கிவிடலாம். ஒத்துவராவிட்டால் பதிவாளர் முன் கலந்தாய்வு, அதிலும் முடியாவிட்டால் நடுவர் முன் விசாரணை. மேல்முறையீடு சட்டப் பிரச்சினை, அதிகார வரம்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும். அதற்கும் முன் அனுமதி வேண்டும். "நடுவர் என் பேச்சை நம்பவில்லை" என்பதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையிலிருக்கும் தாளை எல்லாம் முதல் தடவையே வைத்துவிட வேண்டும்.

எதிராளி நிறுவனம் என்றால் முதல் வேலை, நிறுவனப் பதிவுகளுக்கான அரசின் பிஸ்ஃபைல் தளத்தில் அதன் பதிவு விவரத்தை வாங்குவது. சில வெள்ளிதான். கடைப் பலகையில் இருக்கும் பெயர் வேறு, சட்டப்படி பதிவான பெயர் வேறாக இருக்கலாம். தவறான பெயரில் வாங்கிய உத்தரவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நோட்டீஸைச் சேர்ப்பிக்கும் பொறுப்பும் வழக்குப் போட்டவருடையதே. பதிவு முகவரிக்கு அனுப்பி, அனுப்பியதற்கான உறுதிமொழியையும் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால், எதிராளி வராத நாளில் ஒருதலைத் தீர்ப்பு கேட்க முடியாது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் இந்தக் கட்டமே பெரிய தலைவலி.

டெபாசிட் வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் வீட்டை ஒப்படைத்த நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. நுழைந்த நாளிலும் காலி செய்த நாளிலும் எடுத்த படங்கள், இரு தரப்பும் கையெழுத்திட்ட பொருட்பட்டியல், ஏர்கான் சர்வீஸ் ரசீதுகள் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்று போட்டிருந்து இடையில் ரசீது விட்டுப்போயிருந்தால் வீட்டுக்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். சுவர் மங்கியது, குழாய் வளையம் தேய்ந்தது போன்ற இயல்பான தேய்மானத்துக்குப் பணம் பிடித்திருந்தால் ஒவ்வொரு பிடித்தத்தையும் தனி வரியாக எழுதிப் பதில் சொல்ல வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் எதிர்த்தால் எடுபடாது.

இனி குறை. உத்தரவு கிடைத்ததும் பணம் தானாக வராது. மன்றம் வசூலித்துத் தரும் இடமல்ல. எதிராளி கட்டாவிட்டால் அமலாக்க உத்தரவுக்குத் தனியே மனு, தனிக் கட்டணம். சொத்தைப் பறிமுதல் செய்து விற்கலாம், வங்கிக் கணக்கிலிருக்கும் பணத்தைப் பிடிக்கலாம். ஆனால் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைத் தொட முடியாது. 800 வெள்ளிக்காக இவ்வளவும் செய்ய எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? சிங்கப்பூரில் தனியார் நிறுவனம் தொடங்க 1 வெள்ளி மூலதனம் போதும். முன்பணம் வாங்கிய வீட்டுப் புதுப்பிப்பு நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டால் உத்தரவு வெறும் காகிதம். தொழில் தொடங்கும் சுலபத்துக்காகப் பாராட்டு வாங்கிய அதே சட்டம் வாடிக்கையாளரை இங்கே கைவிடுகிறது. அதனால் பிஸ்ஃபைல் விவரத்தை வழக்குக்கு முன் மட்டுமல்ல, முன்பணம் கொடுக்கும் முன்பே வாங்கிப் பார்ப்பது நல்லது: மூலதனம் எவ்வளவு, எந்த ஆண்டு பதிவு, இன்னும் இயங்குகிறதா. தனிநபர் வணிகமாகப் பதிவாகியிருந்தால் கடனுக்கு உரிமையாளரே பொறுப்பு. வசூலுக்கு அது எவ்வளவோ மேல்.

கலந்தாய்வில் எதிராளி தவணை கேட்டால் உடனே மறுக்க வேண்டாம். தவணைத் தேதியும் தொகையும் போட்டு, ஒரு தவணை தவறினால் மீதி முழுவதையும் உடனே கட்ட வேண்டும் என்ற வரியையும் சம்மத உத்தரவில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டால், மீதி முழுவதற்கும் உடனே அமலாக்கத்துக்குப் போவது சிக்கலாகிவிடும்.