முன்கூட்டியே கணிப்பதா, கடிகாரம் வைத்து நிறுத்துவதா?

சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் உயர்நிலை மாணவர்களுக்குப் பைத்தான் என்ற கணினி மொழி சொல்லித்தருகிறேன். பிள்ளைகள் அனுப்பும் புரோகிராம்களை என் மடிக்கணினி ஒவ்வொன்றாக ஓட்டித் திருத்தும். ஒன்று முடிவில்லா லூப்பில், அதாவது அதே வரிகளையே திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்றில், மாட்டினால் போதும், பின்னால் காத்திருக்கும் அத்தனையும் அப்படியே நின்றுவிடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஓட்டுவதற்கு முன்பே வரிகளைப் படித்து 'இது நிற்கும், இது நிற்காது' என்று சொல்லும் சோதிப்பான் ஒன்று. ஓடவிட்டு, 2 விநாடியில் முடியாவிட்டால் வெட்டிவிடும் டைமர் இன்னொன்று. இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு டைமருக்கு வந்துவிட்டேன். செலவு, வேகம் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. என்னை மாற்றியது பராமரிப்பு.

சோதிப்பானுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, எந்த வரியில் சிக்கல் என்று காட்டிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஓர் எண் குறைந்துகொண்டே வந்து ஓர் எல்லையைத் தொடுகிறதா என்றுதான் அது தேடும். தொட்டால் நிற்கும், தொடாவிட்டால் எச்சரிக்கை. இரண்டாவது வாரமே ஒரு மாணவி கொலாட்ஸ் கணக்கை அனுப்பினாள்: இரட்டைப்படை என்றால் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, 1 வரும்வரை விடாதே. 27இல் தொடங்கினால் 9232 வரை ஏறி, இறங்கி, 111 படியில் 1க்கு வந்து சேரும். சோதிப்பான் அதை முடிவில்லா லூப் என்று தள்ளிவிட்டது. "சார், நான் வீட்டில ஓட்டிப் பார்த்தேன், நின்னுச்சு சார்" என்றாள், முகம் வாடிப்போய். அவள் சொன்னது சரி. ஆனால் எல்லா எண்ணுக்கும் அந்தக் கணக்கு 1க்கு வந்துதான் ஆகும் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை, பாவம் சோதிப்பான் என்ன செய்யும்?

சரி, 'இந்த மாதிரி வந்தால் தள்ளாதே' என்று சோதிப்பானுக்கு ஒரு விலக்கு எழுதினேன். அடுத்த வாரம் வேறொருவருக்கு இன்னொரு விலக்கு. இரண்டு மாதத்தில் பட்டியல் 40 வரியைத் தாண்டியது, அதில் ஒரு விலக்கின் வழியாக உண்மையான முடிவில்லா லூப்பே உள்ளே வந்துவிட்டது.

நல்ல சோதிப்பானாக வாங்கினால் தீரும் என்று நினைக்காதீர்கள். கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் விஷயம் இது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் நிற்குமா நிற்காதா என்று தப்பாமல் சொல்லும் கணிப்பான் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'என்னைப் பற்றி நீ என்ன சொல்கிறாய்' என்று அதனிடமே கேட்டு, நிற்கும் என்றால் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது என்றால் உடனே நின்றுவிடும் புரோகிராம் ஒன்றை நான் எழுதிவிடலாம். கணிப்பான் எதைச் சொன்னாலும் பொய்யாகும். 1953இல் ஹென்றி ரைஸ் என்ற கணிதவியலாளர் இதை இன்னும் விரித்தார்: நிற்பது மட்டுமில்லை, புரோகிராம் என்ன விடை தரும் என்பது பற்றிய எந்த உருப்படியான கேள்விக்கும் இதே கதிதான். பல புரோகிராம்களைக் கணிக்க முடியும், எல்லாவற்றையும் முடியாது. அதனால் என் விலக்குப் பட்டியல் என்றைக்குமே முடிந்திருக்காது.

டைமரில் பராமரிக்க இருப்பது ஒரே ஓர் எண். குறையும் உண்டு, 'நிற்காது' என்று அது சொல்வதில்லை, 'இன்னும் நிற்கவில்லை' என்று மட்டும்தான் சொல்லும். பகா எண்களைச் சரியாகவே எண்ணிய ஒரு பையனின் புரோகிராம் 3 விநாடி எடுத்ததால் வெட்டுப்பட்டது. இப்போது கேட்பவர்களுக்கு 10 விநாடி தருகிறேன்.

நடுவில் வெட்டவே முடியாத இடங்களில் என் தீர்ப்பு செல்லாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஓடும் இபிபிஎஃப் என்ற வகைச் சிறு புரோகிராம்களை முன்பே சோதித்து, முடியும் என்று உறுதிப்படாததைத் தள்ளிவிடுகிறார்கள். 2019இல் வந்த கெர்னலின் 5.3 பதிப்புக்கு முன் லூப்புக்கே அனுமதி இல்லை. அந்தப் பக்கம் நான் வேலை செய்ததில்லை, ஆனால் அங்கே டைமரை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன்.

சோதிப்பானை நான் முழுசாகத் தூக்கிப் போடவும் இல்லை. டைமர் வெட்டியதை மட்டும் அதனிடம் கொடுக்கிறேன். '7ஆவது வரியில் எண் மாறவே இல்லை' என்று சொன்னால் அப்படியே மாணவருக்குப் போகும். ஒன்றும் பிடிபடவில்லை என்றால், வகுப்பு முடிந்ததும் நான் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கிறேன்.