சுவரை எடுக்கும் முன்: ஒரு பொறியாளர் அலுவலகம் பற்றிய விமர்சனம்

எங்களுக்கு ஆக வேண்டிய வேலை இரண்டு. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்து ஒரே இடமாக்க வேண்டும், பின்பக்க மொட்டைமாடியில் ஓர் அறை கட்ட வேண்டும். இருக்கும் வீட்டை அளந்து வரைவது, கட்டமைப்புக் கணக்குப் போடுவது, அனுமதி வாங்கித் தருவது, வேலை நடக்கும்போது வந்து பார்ப்பது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் ஒரு சிறிய அலுவலகத்திடம் ஒப்படைத்தோம். குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கிலும் அனுமதி வேலையிலும் கெட்டிக்காரர்கள். காகிதங்களை ஒழுங்காக வைப்பதில் சுமார். முப்பரிமாணப் படத்துக்கு வாங்கிய தொகை தண்டம். நான் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவள். அதனால் காகித விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வந்த பொறியாளர் எங்கள் ஆசை என்ன என்று கேட்கவே இல்லை. பழைய அனுமதி வரைபடம் இருக்கிறதா என்றுதான் கேட்டார். எடுத்துக் கொடுத்ததும் அளவு நாடாவோடு அறை அறையாக நடந்தார். காகிதத்தில் இருந்த வீடும் நாங்கள் குடியிருந்த வீடும் ஒன்றல்ல என்பது சீக்கிரமே தெரிந்தது. நாங்கள் எடுக்க நினைத்த சுவருக்கு நேர் மேலே மாடியில் இன்னொரு சுவர் உட்கார்ந்திருந்தது. வரைபடத்தில் அது இரண்டடி தள்ளி இருந்தது.

அதற்கு முன்பு பார்த்துவிட்டுப் போன மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து, "இது சும்மா தடுப்புச் சுவர்தான்மா, ரெண்டே நாள்ல எடுத்துடலாம்" என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் பொறியாளர் சிரிக்கவில்லை. "தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாதுங்க. தளத்தோட கம்பி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துடலாம்" என்றார். கம்பியைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கூரையின் அடியில் வைத்து மெதுவாக நகர்த்தினார். மின்காந்தத் தூண்டலால் இயங்குவது அது. கான்கிரீட்டுக்குள் இரும்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். கம்பிகள் நெருக்கமாக இருந்தால் குழம்பும் என்பதையும் அவரே சொன்னார். முதன்மைக் கம்பிகள் இந்தச் சுவரை நோக்கித்தான் ஓடின. தளம் இதன்மேல்தான் தாங்கி நிற்கிறது. சுவரின் கனத்தை மட்டும் பார்த்து எடை தாங்குமா தாங்காதா என்று முடிவு செய்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: எங்கள் சுவர் ஒன்றும் கனமானதல்ல.

அப்புறம் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. சாமான் அறையில் இருந்த உத்தரத்தின் ஓரத்தில், ஒரு கம்பி தெரியும்வரை உளியால் சிறு பள்ளம் செதுக்கினார். தூசியை ஊதிவிட்டு, ஒரு சின்ன பாட்டிலில் இருந்து, காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தார். உள்பக்கம் பளீரென்று இளஞ்சிவப்பானது. வெளி விளிம்பில் ஒரு விரல்நகம் அகலத்துக்கு நிறம் மாறவே இல்லை. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்துவிடுமாம். அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. நிறம் மாறாத பட்டை கம்பிவரை வந்துவிட்டால், ஈரமும் சேரும்போது துரு ஆரம்பிக்கும். "கம்பி செகப்புக்குள்ளதான் இருக்கு, நல்லது" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தைக் கலவை வைத்து மூடினார். கையோடு, அடித்ததும் எவ்வளவு எகிறுகிறது என்பதை வைத்துக் கான்கிரீட்டின் பலத்தைக் கணிக்கும் ஷ்மிட் சுத்தியலாலும் பல இடங்களில் அடித்துப் பார்த்தார். ஆனால் பழைய கான்கிரீட்டில் மேற்பரப்பு மட்டும் இறுகிப்போய் அது கூடுதலான எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட மாட்டேன் என்றார். தன் கருவி எங்கே தவறும் என்று தானாகச் சொல்லும் ஆளிடம் எனக்கு நம்பிக்கை வரும்.

கணக்கு வந்தபோது ஆசையைக் கொஞ்சம் சுருக்க வேண்டியிருந்தது. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடையே இல்லாத திறப்பு வேண்டும் என்று கேட்டிருந்தோம். சுவருக்குப் பதிலாக எடையைத் தாங்கப்போகும் உத்தரத்தின் நீளம் இரட்டிப்பானால், மீட்டருக்கு மீட்டர் அதே சீரான எடைக்கு வளைக்கும் விசை 4 மடங்காகும், தொய்வோ 16 மடங்காகும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். உத்தரம் உடையாது, ஆனால் தொய்ந்து மாடிச் சுவரில் விரிசல் விழும் என்பதுதான் பிரச்சினை. இரண்டு ஓரத்திலும் அரை மீட்டர் சுவரை விட்டுவைத்தால் உத்தரமும் குட்டையாகும், பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கவும் ஏதோ மிஞ்சும். கீழ்த்தளத்தில் மட்டும் சுவர்களை எடுத்துக்கொண்டே போனால், நிலநடுக்கத்தில் முதலில் சாய்வது அந்தத் தளம்தான். என் கணவருக்கு முகம் கொஞ்சம் தொங்கியது. எனக்குச் சரி என்றுதான் பட்டது.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. சுவர் தன் எடையை முழு நீளத்துக்கும் பரப்பி அஸ்திவாரத்தில் இறக்குகிறது. உத்தரம் போட்டால் அந்த மொத்த எடையும் இரண்டு முனைகளில் வந்து குவியும். அந்த இடங்களில் குழி வெட்டிப் பார்த்தார்கள். அடியில் இருந்த அஸ்திவாரத்தின் அகலம் பழைய வரைபடம் சொன்னதைவிடக் குறைவு. ஆக, இரண்டு முனைகளிலும் புதிதாகக் கான்கிரீட் பாதம் போட வேண்டியதாயிற்று. செலவு ஏறியது. ஆனால் குழி வெட்டாமல் விட்டிருந்தால் இது வேலை நடுவில் தெரிந்திருக்கும், அல்லது தெரியாமலே போயிருக்கும்.

அனுமதிப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது சுமுகமாக நடந்தது. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பெயிண்ட், டைல்ஸ் போல அல்லாமல், எடை தாங்கும் எதையும் தொட்டால் அனுமதி தேவைப்படும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. மாடி அறைக்கு எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியையும் மொத்தக் கட்டடப் பரப்பையும் விண்ணப்பிக்கும் முன்பே சரிபார்த்து அறையை ஒரு பக்கம் குறுக்கினார்கள். பரிசீலித்த அதிகாரி சில கேள்விகளோடு திருப்பி அனுப்பினார். இவர்கள் எழுதிய பதில் கடிதம் என் தொழில் கண்ணுக்கே விருந்து. ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எடுத்தெழுதி, கீழே பதில், பக்கத்தில் எந்தத் தாளில் எந்த இடம் என்ற குறிப்பு. மறுகேள்வி வரவில்லை. எந்தக் கட்டத்தில் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும் என்பதையும் தனியாக எழுதிக் கொடுத்தார்கள். குறிப்பாக, கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் ஊற்றும் முன்பு. ஊற்றிவிட்டால் யாராலும் பார்க்க முடியாதே.

கொடுத்த காசுக்கு முழு மதிப்பு எது என்று கேட்டால், நான் முதலில் புரட்டிவிட்டுப் போன ஒரு தாளைச் சொல்வேன். சுவரை எந்த வரிசையில் எடுப்பது என்ற தாள். சுவரில் இடைவெளி விட்டுத் துளைகள், அவற்றின் வழியே குறுக்கு இரும்புகள், இரண்டு பக்கமும் முட்டுகள், முட்டின் அடியில் எடையைப் பரப்பும் பலகை, அதன் பிறகே செங்கல்லை எடுப்பது என்று எண் போட்டு வரைந்திருந்தது. இரும்பு உத்தரத்தை ஏற்றியதும் அதற்கும் மேல்சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் ஈரம் குறைந்த கலவையை இறுக்கி அடைத்து, அது இறுகிய பிறகே முட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. "இவ்வளவு முட்டு எதுக்குங்க?" என்று கேட்டார். பொறியாளர் வாதம் செய்யவில்லை. தளத்தின் எடையை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டினார். 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 375 கிலோ. அதற்கு மேலே சுவர், தரை, கட்டில், பீரோ, மனிதர்கள். மேஸ்திரி முட்டுகளை எண்ணி இறக்கச் சொன்னார்.

இனி குறைகள். திருத்திய வரைபடங்களில் திருத்த எண் இல்லை. ஒரே தாள் எண், ஒரே தேதி, ஆனால் உத்தரத்தின் ஆழம் மட்டும் வேறு வேறாக இரண்டு பிரதிகள் என் கையில் இருந்தன. தணிக்கையில் இப்படி ஒரு காகிதம் வந்தால் நான் அன்றைக்கு வேறு வேலையே பார்க்க மாட்டேன். குழாய் வேலைக்காரர் பழைய பிரதியை வைத்துக்கொண்டு அளவெடுத்தார். நல்லவேளை, துளை போடும் முன்பே கண்ணில் பட்டது.

அதைவிடப் பெரியது, மாடிக் குளியலறையின் கழிவுக் குழாய் அந்தச் சுவருக்குள்தான் இறங்கியது. கம்பியை அவ்வளவு கவனமாகத் தேடியவர்கள் குழாயைத் தேடவில்லை. கேட்டால், "அது எங்க வேலைக்குள்ள வராதுங்க" என்று பதில். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தேன், உண்மையிலேயே வரவில்லை. சட்டப்படி சரி. ஆனால் எடுக்கப்போகும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! குழாயை வேறு பக்கம் திருப்பும்வரை வேலை நின்றது.

முப்பரிமாணப் படங்களைப் பற்றி என்ன சொல்ல? அழகாக இருந்தன. அவற்றில் கூரை ஒரே மட்டமாக, உத்தரமே தெரியாமல் இருந்தது. கணக்குத் தாளிலோ உத்தரம் தளத்துக்குக் கீழே தொங்குகிறது. இரண்டும் ஒரே அலுவலகத்தில் இருந்து வந்தவை. படத்தைப் பார்த்துச் சமையலறை அலமாரிக்கு உயரம் சொல்லியிருந்தால் கதவு உத்தரத்தில் இடித்திருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், மாடியில் தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றும் வேலையை இவர்களிடமே கொடுத்திருக்கிறேன். 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். அதை எங்கே உட்கார வைக்கலாம் என்று இவர்கள் சொன்னால் நம்புவேன். இந்த முறை ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்: ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும், தொடப்போகும் இடத்தில் ஓடும் குழாயும் வயரும் வரைபடத்தில் வர வேண்டும், முப்பரிமாணப் படம் வேண்டாம். மூன்றாவது வரியைப் படித்துவிட்டு, "மேடம், இது இலவசமாவே தர்றோமே" என்றார்கள். அப்படியும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.