வாஷர் குழாயா, குவார்ட்டர் டர்னா?

சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். நொடிக்கு ஒரு சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் போகிறது. தண்ணீரை விட, அடியில் வைத்த எவர்சில்வர் கிண்ணத்தின் டங் சத்தம்தான் தாங்கவில்லை. வந்து பார்த்த பிளம்பர், "இதெல்லாம் பழைய மாடல் சார், செராமிக் மாத்திடுங்க" என்றார். மாற்றவில்லை. குளியலறையில் ஏற்கெனவே செராமிக் குழாய் (கடையில் குவார்ட்டர் டர்ன் என்பதும் இதுதான்) போட்டுப் பட்டிருந்தேன்.

பார்வைக்கு குவார்ட்டர் டர்ன்தான் அழகு, சந்தேகமே இல்லை. கால் சுற்றில் திறந்து மூடும், பலம் வேண்டாம். விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நல்ல தண்ணீர் வரும் வீட்டில் வருடக்கணக்காகத் தொடவே வேண்டாம் என்கிறார்கள். இருக்கலாம். எங்கள் தெருவில் போர் தண்ணீர். பக்கெட் விளிம்பிலேயே வெள்ளையாக உப்பு படியும்.

சமையலறையின் பழைய பித்தளை வாஷர் குழாயை நானே கழற்றினேன். மாடித் தொட்டி கேட் வால்வை மூடி, குழாயைப் பாதி திறந்து வைத்து (இறுக மூடியபடி கழற்றினால் வாஷர், அது உட்காரும் பித்தளை விளிம்பான சீட்டில் அழுந்தி மல்லுக்கட்டும்), ஸ்பேனரால் ஸ்பிண்டிலை, அதாவது கைப்பிடியோடு சுற்றும் தண்டை, வெளியே எடுத்தேன். நுனியில் இருந்த ரப்பர் வாஷர் கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாகியிருந்தது; நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். சொட்டுவதை நிறுத்த நாம் இறுக்க இறுக்க ஆழமாகும் பள்ளம் அது. எங்கள் வீட்டில் ராத்திரி கடைசியாகக் குழாயை மூடுவது நான்தான், ஆகவே குற்றவாளியும் நானே. புது வாஷர் பத்து ரூபாய், வேலை இருபது நிமிடம்.

இப்போது குளியலறைக் கதை. செராமிக்கின் உள்ளே வழவழவென்று தேய்த்த இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒன்று அசையாது, மற்றது திரும்பும். ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் வரும். நடுவில் ஒரு மணல் துகள் புகுந்தால் கீறல். உப்பு படிந்தால் கைப்பிடி முரண்டு பிடிக்கும். எனக்கு இரண்டும் நடந்தது. வினிகரில் ஊறவைத்ததும் உப்பு கரைந்து கைப்பிடி சுகமாகத் திரும்பியது. சொட்டு மட்டும் நிற்கவில்லை. கீறலை வினிகர் என்ன செய்யும்?

அந்தத் தகடுகள் அடங்கிய உள்பாகமான கார்ட்ரிட்ஜை மாற்றலாம் என்று கடைக்குப் போனேன். "பழசைக் கழற்றிட்டு வாங்க சார்" என்றார் கடைக்காரர். திரும்பி வந்து கழற்றினேன். குளியலறை லைனுக்குத் தனி வால்வு கிடையாது. ஆக, நான் கடைக்குப் போய் வரும் வரை வீடு முழுக்கத் தண்ணீர் இல்லை. கடையில் ஐந்தாறு கார்ட்ரிட்ஜை மேஜையில் வரிசையாக நிறுத்தி அவர் பல் எண்ணினார். கைப்பிடி மாட்டும் தலையில் ஒன்றுக்கு 20 பல், இன்னொன்றுக்கு 24. பல் பொருந்தினால் உயரம் பொருந்தவில்லை. உயரமும் பொருந்தியது, பார்த்தால் எதிர்ப்பக்கம் திரும்புகிற ரகம். மூன்றாவது கடையில் 180 ரூபாய்க்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போயிற்று.

என் முடிவு இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. எந்தக் குழாயும் ஒரு நாள் சொட்டத்தான் போகிறது. சொட்டும்போது மாற்றுப் பொருள் தெருமுனைப் பெட்டிக்கடை ரகத்தில் கிடைக்குமா, ஊர் சுற்றித் தேட வேண்டுமா? அரை இஞ்சு வாஷர் என் ஆணி டப்பாவிலேயே நாலைந்து கிடக்கிறது.

பழைய குழாயிலும் வினை உண்டு, மறைக்கவில்லை. வாஷர் உட்காரும் பித்தளைச் சீட்டே அரித்துப் பள்ளமாகிவிட்டால் எத்தனை வாஷர் போட்டாலும் மாதம் ஒன்று காலி. அப்போது சீட்டைக் கடைந்து சரி செய்ய வேண்டும், இல்லையென்றால் குழாயையே மாற்ற வேண்டும். கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் அது வாஷர் கோளாறே இல்லை; அங்கே இருக்கும் நட்டைக் கொஞ்சம் இறுக்கினாலே பெரும்பாலும் நிற்கும்.

பிடிஎம்டி பிளாஸ்டிக் குழாய் மூன்றாவது வழி. துருவோ களிம்போ பிடிக்காது, மலிவு. மொட்டை மாடியில் போட்டு ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இதுவரை குறையில்லை, அதற்கு மேல் சொல்ல அனுபவம் பத்தாது.

குளியலறையில் மட்டும் செராமிக்கையே விட்டுவிட்டேன். அத்தைக்கு விரல் மூட்டு வலி. நாலு சுற்று சுற்றி மூடுவது அவருக்கு ஆகாது. புதுக் கார்ட்ரிட்ஜ் போடும் முன் வால்வைத் திறந்து ஒரு பக்கெட் தண்ணீரை வெறுமனே ஓடவிட்டேன். பழுப்பாக மணல் வந்தது. அதே ரகத்தில் இன்னொன்று வாங்கி, ஆணி டப்பாவில் வாஷர்களோடு போட்டு வைத்திருக்கிறேன்.