ஒரு கேமின் சாவி இன்னொரு கேமில்: எதை எடுத்து விளையாடலாம்?

டெக்ஸ்ட் அட்வென்ச்சர் என்றால் படமே கிடையாது. திரையில் இரண்டு பத்தி விவரணை வரும், நாம் 'கோ நார்த்', 'டேக் லேம்ப்' என்று டைப் அடித்து நகர வேண்டும். அதிலேயே ஒரு தனி ரகம் உண்டு: இங்கே இருக்கும் புதிருக்கு விடை வேறெங்கோ இருக்கும். வேறு அறையில், வேறு பாகத்தில், சில சமயம் வேறு கேமிலேயே. தாம்பரத்தில் ஒருவர், அம்பத்தூரில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கும் எங்கள் குழுவில், மழை விடுமுறை விட்டால் போதும், எதை எடுப்பது என்ற சண்டை தொடங்கிவிடும். என் கணக்கு இது.

முதலில் ஜோர்க்கைத் தள்ளிவைத்துவிடலாம். 1977 முதல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் ஒற்றைக் கேமாக வளர்ந்தது அது. வீட்டுக் கணினியின் நினைவகத்தில் அடங்காததால் மூன்றாக வெட்டி 1980, 81, 82 என்று விற்றார்கள். பெயரில் தொடர்ச்சி உண்டே தவிர, இரண்டாம் பாகத்தின் புதிரை அவிழ்க்க முதல் பாகத்திலிருந்து எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை. 1980-ல் ஆப்பிள் டூ கணினியில் வந்த ஈமன் எதிர்த்திசை: நம் கதாபாத்திரம் ஆயுதமும் தங்கமுமாகச் சாகசம் விட்டுச் சாகசம் போகும், புதிர்கள் மட்டும் அங்கங்கேயே நின்றுவிடும்.

ஸ்காட் ஆடம்ஸ் கேம்களில் வரும் சாவேஜ் ஐலண்ட் உண்மையாகவே இரண்டு பாகங்களைக் கோத்தது. முதல் பாகத்தை முடித்தால் ஒரு கடவுச்சொல் கிடைக்கும், அது இல்லாமல் இரண்டாம் பாகத்துக்குள் போக முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பன் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் முதல் பாகமே வேண்டாமே! வாசலில் டோக்கன் கிழிக்கிற வேலை, அவ்வளவுதான். தவிர, கஷ்டத்துக்குப் பேர்போன கேம் வேறு.

சரி, நிஜப் போட்டி மற்ற மூன்றுக்கு இடையில்தான்.

கிராக்னே மேனர், 2018. மைக்கேல் ஜென்ட்ரி 1998-ல் எழுதிய ஆங்கர்ஹெட் என்ற திகில் கேமின் இருபதாம் ஆண்டுக்காக ரையன் வீடர், ஜென்னி போலோட்னா இருவரும் சேர்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்களை எழுத வைத்தார்கள். ஆளுக்கு ஓர் அறை. அடுத்தவர் அறையில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கணவனைத் தேடி வரும் நேயோமி, ஓர் அறையில் எடுத்த பொருளை எங்கோ ஒரு மூலையில் இருக்கும் அறையில் பயன்படுத்துவாள். இரண்டு அறைகளும் இரண்டு வேறு மூளைகள். இந்தக் காட்டில் வழி தவறாமலிருக்க அவள் கையில் ஒரு காபி கோப்பை இருக்கிறது. அதை உற்றுப் பார்த்தால், இருக்கும் பொருள்களை வைத்து இந்த அறையின் புதிரை இப்போதே அவிழ்க்க முடியுமா என்று தெரிந்துவிடும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே வடிவமைத்தவர்களைக் கும்பிடலாம். குறை என்னவென்றால், ஓர் அறை நான்கு வரி, அடுத்த அறை குறுநாவல். பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு உள்ளே போனால் சில அறைகளில் டிக்‌ஷனரியும் கையுமாகத்தான் உட்கார வேண்டும்.

ஹேடியன் லேண்ட்ஸ், 2014, ஆண்ட்ரூ பிளாட்கின். ரசவாதத்தால் ஓடும் விண்கலம் விபத்தில் சிக்கிக் கிடக்கிறது. ஒரு பொருளை ஒரு ரசவாதச் சடங்கில் செலவழித்தால், அதே பொருள் கேட்கும் வேறு சடங்கைச் செய்ய முடியாது. எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். பொருள்கள் திரும்ப வரும், கற்ற சூத்திரங்கள் மறக்காது. அப்புறம் சடங்கின் பெயரை மட்டும் டைப் அடித்தால் போதும், அதற்கு வேண்டிய முன்வேலைகளையெல்லாம் கேமே வரிசையாகச் செய்து முடிக்கும். நம் மண்டைக்கு மிச்சமிருப்பது, எதை எங்கே செலவழிப்பது என்ற கணக்கு மட்டும். புதிர்களின் பின்னல் என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் குழுவுக்கு ஆகாது. ஒருவன் இரண்டு கதவு முன்னால் போய்விட்டால் மற்றவனுக்குச் சுவாரஸ்யம் போச்சு. விமான நிலையம் போகும் மெட்ரோவில் தனியாக உட்கார்ந்து போனில் விளையாட ஏற்றது.

கடைசியாகத் தொப்பி மர்மம். டெக்ஸ்ட் அட்வென்ச்சர்களுக்கென்று ஆண்டுதோறும் நடக்கும் ஐஎஃப் காம்ப் போட்டிக்கு, 2011-ல், கோல்ட் அயர்ன், பிளேயிங் கேம்ஸ், லாஸ்ட் டே ஆஃப் சம்மர், டாக்டர் எம் பற்றிய ஒன்று என நான்கு கேம்கள் வந்தன. நான்கும் வேறு வேறு கதைகள்; கோல்ட் அயர்னை எழுதியவர் அதே பிளாட்கின்தான். நான்குக்கும் பொதுவாக ஒரு தொப்பி சங்கதி உள்ளே ஒளிந்திருந்தது. ஒன்றில் கிடைக்கும் தகவல் இன்னொன்றில் வேலை செய்யும். தொப்பியைக் கவனிக்காமலே ஒவ்வொரு கேமையும் தனித்தனியாக முடிக்கவும் முடியும். இதுதான் எனக்குப் பிடித்த இடம். சாவி பையில் இல்லை, விளையாடுபவர் தலையில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு கேம் பிரித்துக்கொண்டால், "மச்சி, உன் கேம்ல தொப்பி வந்துச்சா?" என்று கேட்காமல் தொப்பி மர்மத்தில் யாராலும் நகர முடியாது.

எனவே குழுவுக்குத் தொப்பி மர்மம், தனி ஆளுக்கு ஹேடியன் லேண்ட்ஸ். கிராக்னே மேனரைத் தொடுவதானால் ஒரே வாரயிறுதியில் முடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பொருள் எந்த அறையில் எடுத்தது, எந்த அறையில் கேட்கிறது என்று கூகுள் ஷீட்டில் இரண்டு நெடுவரிசை போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.